எட்டாவது ஸ்விட்ச்

நான் ஓய்வு பெற்று வந்த பிறகும் ஆபீசில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறதாம். 'அந்தம்மா கண் முன்னால ஸ்விட்ச் எழுதிராத, கையை ஒடிச்சிரும்.' கடைசியாக என் குழுவில் இருந்த ஒருத்தி போன மாதம் போன் பண்ணிக் கேட்டாள்: "மேடம், நீங்க ஒருத்தர் கீபோர்டைப் பிடுங்கி ஜன்னல்ல வச்சீங்களாமே, நிஜமா?" நிஜம்தான். அந்த மனிதர் ஒரே கேள்வியைப் பத்தொன்பது ஃபைலில் எழுதி வைத்திருந்தார். இருபதாவதில் எழுதப் போனார். பிடுங்கினேன்.

"அதுக்கு இவ்வளவு கோபமா மேடம்? ரெண்டு வரி கோடுதானே" என்றாள்.

நானும் ஒரு காலத்தில் ரெண்டு வரி கோடு என்றுதான் நினைத்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். ஜோடித்து எழுத எனக்கு வராது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு என்றால் புரோகிராமாக நாங்கள் எழுதும் வரிகள். ஸ்விட்ச் என்பது புரோகிராமில் வழி பிரிக்கும் இடம். 'நீ எந்த வகை?' என்று கேட்கும். ஒன்று என்றால் இந்த வழி, இரண்டு என்றால் அந்த வழி. எந்த வகையிலும் சேராதது எல்லாம் 'டிஃபால்ட்' என்கிற கடைசி வழியில் போய் விழும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அது நடக்கும். புரோகிராம் கூச்சல் போடாது. நிற்காது. எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

என் படிப்பு பி.எஸ்ஸி. கணக்கு. அதற்கு மேல் மதுரையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். அதில் பாதி நாள் மிஷின் ரிப்பேர், மீதி நாள் கரண்ட் இருக்காது. நோட்டில் எழுதியே சி மொழி படித்தேன். எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. முப்பது சொச்சம் வண்டி வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று போடும் தினசரி சார்ட்டைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஆள் கேட்டார்கள். போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

குற்றாலம் ரோட்டில் டிப்போ. டயர் வைக்கும் அறைக்கு மேலே எங்கள் கம்ப்யூட்டர் அறை. டிப்போவிலேயே ஏ.சி. இருந்த ஒரே இடம் அதுதான், மனுசனுக்காக இல்லை, மிஷினுக்காக. புது ரப்பர் வாசனை தரை வழியாக ஏறி வரும். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை. ஆனி, ஆடி மாதங்களில் அந்த மலையைப் பார்க்கவே முடியாது. வெள்ளையாக ஒன்று இறங்கி வந்து வயல் வரைக்கும் நிற்கும். சாரல் ஜன்னலில் மழை மாதிரி அடிக்காது. மூச்சு விட்ட மாதிரி படியும். உள்ளே மிஷினின் ஒரே சீரான முனகல். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறையில் இருந்தால் முழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே சந்தேகம் வரும். திரையில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். நான் எழுதியதா, கனவில் வந்ததா என்று தொட்டுப் பார்த்த நாட்கள் உண்டு.

அந்த அறையின் தலைவர் வேலப்பன் சார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புளியரை ஊர். திருவனந்தபுரத்தில் பெரிய மிஷினில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தினமும் காலையில் அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வருவார். செருப்பை வெளியே விடுவார். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் மிஷின் மேல் மூடியிருக்கும் துண்டை எடுப்பார். கோயில் நடை திறக்கிற மாதிரி இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் எழுதினால் தப்பு இருக்காது. முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவார். எழுதியதை விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பார். அதற்கு அப்புறம்தான் என்னை அடிக்கச் சொல்வார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் தப்பாக அடித்தால், "அது வேண்டா மோளே" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதற்கு வழியில்லாமல் செய்துவிடுவார்.

சார்ட் புரோகிராமை முழுக்க எழுதியவர் அவர். ஒரு வண்டியின் ஓட்டத்தை டிப்போவில் நடை என்போம். நான்கு வகை நடை. உள்ளூர் நடை, மலைப்பாதை நடை, மதுரை மாதிரி தூர நடை, கல்யாணத்துக்குப் போகும் வாடகை நடை. ஒவ்வொரு வகைக்கும் எல்லாமே வேறு. ஓடும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது, யார் ஓட்டலாம், சார்ட்டில் எப்படி அச்சடிப்பது, இறங்கிய பிறகு டிரைவருக்கு எத்தனை மணி ஓய்வு, எல்லாம். ஆகவே புரோகிராமில் எங்கெல்லாம் நடை வருகிறதோ அங்கெல்லாம் ஒரு ஸ்விட்ச். ஒவ்வொன்றும் அதே கேள்வி: நீ எந்த வகை?

புது வகை வந்தால் எல்லா ஸ்விட்சிலும் ஒரு வழி சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே 'புதிய வகை சேர்த்தால் மாற்ற வேண்டிய இடங்கள்' என்று சிவப்புப் பென்சிலில் எழுதி, கீழே ஏழு இடம். ஒவ்வொன்றையும் மாற்றி, தாளில் அச்சடித்து, விரல் வைத்துப் படித்து, டிக் போட்டு, பக்கத்தில் முதல் எழுத்துப் போட வேண்டும். பழைய ஃப்ளாப்பியை பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்ட வேண்டும். எழுதியதை மிஷின் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் கம்பைல் வேலைக்கு ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷமும் நாங்கள் டீ குடிப்போம். அந்த முறையைப் பார்த்து நான் மயங்கித்தான் போயிருந்தேன். இதை மீறி எப்படித் தப்பு வரும்?

அந்த வருஷம் சீசன் நல்ல சீசன். அருவியில் தண்ணீர் பாறை தெரியாமல் விழுந்தது. முதலாளி இரண்டு வண்டியைக் குற்றாலம் ஸ்பெஷல் என்று விட்டார். தென்காசி, குற்றாலம், ஐந்தருவி, திரும்பத் தென்காசி. காலையிலிருந்து இருட்டும் வரை அதே சுற்று. ஐந்தாவது வகை. நான்தான் சேர்த்தேன். ஏழு இடம், ஏழு டிக், ஏழு முதல் எழுத்து. வேலப்பன் சார் பார்த்துத் தலையாட்டினார். சார்ட் அழகாக வந்தது.

அந்த ஸ்பெஷலில் ஒரு வண்டியை ஓட்டியவர் மாடசாமி. இரண்டே நாளில், நேரம் பார்த்து வண்டியை அனுப்பும் டைம்கீப்பரோடு சண்டை போட்டு, வேறு நடை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் பரமசிவம் அண்ணாச்சி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். சண்டை போடத் தெரியாத மனுசர். ஸ்டியரிங் பிடிக்கிற கையால் பேப்பர் பிடிக்கக் கூச்சப்படுவார். சார்ட் போர்டுக்கு முன்னால் நின்று, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குப் போய்விடுவார்.

ஆடிக் கடைசி. காலை பதினொரு மணி இருக்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டும் தலையில் எண்ணெய்ப் பிசுக்குமாக ஏறிய கூட்டத்தோடு பரமசிவம் அண்ணாச்சி வண்டி நன்னகரம் பக்கம் வந்துகொண்டிருந்தது. சாரல். ரோடும் வயலும் ஒரே வெள்ளை. வண்டி மெதுவாக ரோட்டை விட்டு இறங்கி, வயலுக்குள் நடந்து போகிற மாதிரி போய், நாற்றுக்கு நடுவில் நின்றது. கவிழவில்லை. பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அண்ணாச்சி நெற்றியில் நாலு தையல். கண்டக்டர் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாராம். தட்டி எழுப்ப வேண்டியிருந்ததாம்.

மறுநாள் விசாரணை. முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வேலையிலிருந்து நீக்கம். ஹெவி லைசென்ஸ் போகும். அதற்கு அத்தாட்சியாக, விபத்துக்கு முந்தைய பத்து நாள் சார்ட்டையும் அச்சடித்து வைக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. அடித்தேன்.

சார்ட்டில் தினமும் அச்சாகாத ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு டிரைவரும் எத்தனை மணி நேரம் ஓய்வில் இருக்கிறார் என்று புரோகிராம் தனக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. தூர நடைக்கு ஆள் வேண்டும் என்றால், அதிகம் ஓய்வெடுத்தவரை முதலில் எடுக்கும். அண்ணாச்சி ஓய்வில் இருந்துவிட்டு வந்து தூங்கினார் என்றால் அதையும் காட்டட்டும் என்று, முதலாளி அந்தக் கட்டத்தையும் கேட்டிருந்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தது. நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரமசிவம், ஓய்வு: பதினாறு மணி. பரமசிவம், ஓய்வு: இருபத்துநான்கு. இருபத்துநான்கு. பதினான்கு. இருபத்துநான்கு.

முதலில் எனக்குப் புரியவில்லை. அறை குளிர்ந்து கிடந்தது, ஜன்னல் வெள்ளையாக இருந்தது, தாள் மடிந்து மடிந்து காலடியில் விழுந்தது. அந்தத் தாளில் ஒரு மனுசர் நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இருட்டும் வரை குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் வண்டி ஓட்டிய நாட்களில், புரோகிராமைப் பொறுத்தவரை அவர் வண்டி ஷெட்டில் படுத்திருந்தார். கம்பெனியிலேயே நன்றாக ஓய்வெடுத்தவர் அவர். ஆகவே ராத்திரி மதுரை நடைக்கு முதல் பெயர் அவருடையது. நாலு தடவை. ஓட்டிவிட்டு விடியற்காலை வந்து, திரும்பவும் குற்றாலம் ஸ்பெஷல்.

உட்கார்ந்து கோடு முழுவதையும் புரட்டினேன். ஓய்வைக் கூட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. எட்டாவது. சுவர்த் தாளில் இல்லாதது. அதில் நாலு வகை. ஐந்தாவது இல்லை. ஐந்தாவது டிஃபால்ட்டில் விழுந்திருந்தது. டிஃபால்ட்டில் எழுதியிருந்தது: வண்டி ஷெட்டில் நிற்கிறது, டிரைவர் ஓய்வில் இருக்கிறார்.

வேலப்பன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது பின்னால சேர்த்தது. சித்திரையில. தாள்ல ஏத்த மறந்துட்டேன்" என்றார். பிறகு, "ஒரு வரி சேர்த்தா ஷெரியாயிரும் மோளே. சேர்த்துரு. ஆரும் அறிய வேண்டா" என்றார்.

"அண்ணாச்சிக்கு வேலை போகுது சார்."

"அவரே தூங்கினேன்னு சொல்லியாச்சே."

"ஏன் தூங்கினாருன்னு இந்தத் தாளு சொல்லுதே."

அவர் துண்டை எடுத்து மிஷினை மூடினார். வேலை நேரத்தில் மிஷினை மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வரியைச் சேர்த்தேன். ஒரு நிமிஷ வேலை. பிறகு தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே அண்ணாச்சி தலையில் கட்டோடு நின்றார்.

"என்னவே, நெசமாத் தூங்கினீரா?" என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்கினேன் மொதலாளி. கண்ணு சொருகிட்டு."

"ராத்திரி என்னவே பண்ணினீரு? சீட்டாடினீரோ?"

"மதுரைக்குப் போனேன்."

"எதுக்குவே மதுரை?"

"உங்க வண்டி ஓட்டத்தான் மொதலாளி."

நான் தாளை மேஜையில் விரித்தேன். எது எது என்று காட்டினேன். முதலாளி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னுதான எம்மா வாங்கினோம்?"

"அது பண்ணல மொதலாளி. நாங்கதான் பண்ணினோம். ஏழு எடம்னு தாள்ல இருந்தது, ஏழுல டிக் போட்டேன். எட்டாவது இருக்கான்னு தேடல. என் தப்பு."

கதவுப் பக்கம் குரல் கேட்டது. வேலப்பன் சார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "எட்டாவது நான் எழுதினது. தாள்ல ஏத்தாம விட்டது நான்." அவ்வளவு சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். "ஏன்வே, ஒருநா ரெண்டுநா சரி. பத்துநா இப்பிடிப் போட்டா வாயத் தொறந்து கேக்க மாட்டீரா?"

"கம்ப்யூட்டரு போட்டதுல்லா. நமக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்."

என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கையால் சார்ட் எழுதிய காலத்தில் டைம்கீப்பர் முகத்தைப் பார்ப்பார். கண் சிவந்திருந்தால், "போய்ப் படும்வே" என்று பெயரை அடித்துவிடுவார். மிஷின் வந்த பிறகு அவரும் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். தாள் என்னைப் பார்த்தது. நான் சுவரில் இருந்த ஏழு டிக்கைப் பார்த்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. "சரி எம்மா. பரமசிவத்த நாளைக்கே வண்டில ஏத்துதேன். ஒரு தாள் எழுதிக் கொடு. இனிமே புது வகை சேத்தா இப்பிடி நடக்காது, ஒம்பதாவது ஒண்ணு எங்கயும் ஒளிஞ்சிருக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அப்பிடி எழுத முடியாது மொதலாளி."

"ஏன்?"

"இந்தப் புரோகிராம் இருக்க அழகுக்கு ஒம்பதும் இருக்கும், பதினொண்ணும் இருக்கும். இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு நாங்களே ஒண்ணு எழுதுவோம்."

"அப்ப எழுதிக் கொடுக்குற அன்னைக்கு அவரு வண்டி எடுக்கட்டும். அதுவரைக்கும் வண்டி கழுவட்டும்."

வெளியே வந்ததும் வேலப்பன் சார், "எழுதிக் கொடுத்திருக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கலாம்தான். கொடுக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

அடுத்த மூன்று மாதம் என் ஜன்னலுக்குக் கீழே பரமசிவம் அண்ணாச்சி குழாயைப் பிடித்து வண்டி கழுவினார். இருபது வருஷம் சக்கரம் சுற்றிய ஆள். ஒருநாள் படியில் இறங்கி வந்த என்னை நிறுத்தினார்.

"எம்மா, ஒரு தாளு. ஒரு கையெழுத்து. நீ போட்டிருந்தா நான் இன்னேரம் கடையநல்லூர் தாண்டியிருப்பேன். இங்கன டயரு கழுவிட்டு நிக்குதேன்."

"பொய்யில கையெழுத்துப் போடச் சொல்லுதீரா அண்ணாச்சி?"

"நான் போடலியா? நீ அடிச்ச சார்ட்ல தெனமும் கண்ண மூடிட்டுப் போட்டேன்லா?"

திரும்பிப் படியேறிவிட்டேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான்.

எட்டு ஸ்விட்சையும் எடுத்துவிட வேண்டும் என்று தெரியும். எடுத்துவிட்டு என்ன வைப்பது என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. மதுரைக் கோர்ஸில் இது கிடையாது. தூக்கத்தில் கூட அந்தக் கேள்விதான். வெள்ளையான ஒரு ரோட்டில் வண்டி வண்டியாக வந்து என் முன்னால் நிற்கும். ஒவ்வொன்றாக ஏறி, நீ எந்த வகை, நீ எந்த வகை என்று கேட்டுக்கொண்டே போவேன். வரிசை முடியாது. கடைசி வண்டியில் டிரைவர் இருக்க மாட்டார்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். சாரல் விட்டு, வயல் மேல் புகை மாதிரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டில் டைம்கீப்பர் விசில் ஊதினார். செங்கோட்டை வண்டி வெளியே போய் ஒரு பக்கம் திரும்பியது. திரும்பவும் ஊதினார். மதுரை வண்டி மறுபக்கம் திரும்பியது. மூன்றாவது விசிலுக்கு வீரகேரளம்புதூர் வண்டி. விசில் ஒரே விசில்தான். அவர் எந்த வண்டியையும் நீ யார் என்று கேட்கவில்லை. எந்தத் திருப்பத்தில் திரும்பு என்று கூடவே ஓடவும் இல்லை. எடு என்கிறார். எப்படிப் போவது என்பது அந்த வண்டிக்குத் தெரிந்திருக்கிறது.

நான் மட்டும் ஏன் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்கிறேன்?

அன்றைக்கே ஆரம்பித்தேன். ஒவ்வொரு வகை நடைக்கும் ஒரு அட்டை. அட்டையில் பெட்டிகள். ஓடும் நேரம் கணக்கிட ஒரு பெட்டி, யார் ஓட்டலாம் என்பதற்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் அந்த வேலையைச் செய்கிற புரோகிராம் துண்டு, அதாவது ஃபங்ஷன், எங்கே இருக்கிறது என்ற விலாசம். சி மொழியில் இப்படி விலாசம் வைக்க இடம் உண்டு. நடுவில் இருக்கிற புரோகிராம் இனி வகையைக் கேட்காது. 'உன் ஓய்வைச் சொல்' என்று மட்டும் கேட்கும். மலைப்பாதை நடை தன் கணக்கைச் சொல்லும், உள்ளூர் நடை தன் கணக்கைச் சொல்லும். புது வகை வந்தால் புது அட்டை ஒன்று எழுதினால் போதும். பழைய கோட்டைத் தொட வேண்டாம். சுவரில் தாள் வேண்டாம். முக்கியமான விஷயம் இன்னொன்று: டிஃபால்ட் என்று ஒன்று கிடையாது. புரோகிராம் ஆரம்பிக்கும்போதே எல்லா அட்டையையும் பார்க்கும். எந்தப் பெட்டியாவது காலியாக இருந்தால், எந்த அட்டை, எந்தப் பெட்டி என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

பல வருஷம் கழித்து பெங்களூரில் ஒருவர் டை கட்டிக்கொண்டு இதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி, படம் போட்டு, இரண்டு நாள் பாடம் எடுத்தார். தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதில் உள்ள கஷ்டத்தை அவர் சொல்லவே இல்லை. புது வகை சேர்ப்பது சுலபம். புதிதாக ஒரு பெட்டி சேர்க்க வேண்டும் என்றால் எல்லா அட்டையையும் திறக்க வேண்டும். அதையும் சொல்லித் தருவதுதான் யோக்கியம். ஒரே ஒரு இடத்தில் இருக்கிற ஸ்விட்ச் மேலும் எனக்குப் பகை கிடையாது. அதே கேள்வி இரண்டாவது இடத்தில் வந்தால்தான் என் கை அரிக்கும்.

"ஓடுத புரோகிராமத் தொடண்டா" என்று வேலப்பன் சார் முதல் வாரம் முழுக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. பகலில் சார்ட் வேலை, சாயங்காலம் இது. கடைசி ஸ்விட்சையும் நான் எடுத்த அன்றைக்கு, அவர் மொத்தக் கோட்டையும் அச்சடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். நின்றபடியே விரல் வைத்து, ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. நான் செய்திருந்த இரண்டு தப்பைச் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டார். பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி நம்பவில்லை. "வாயால சொன்னா? புது வகை ஒண்ணு சேத்துக் காட்டு. பாப்போம்."

கார்த்திகை பிறந்தது. சபரிமலைக்கு ஸ்பெஷல் விட முடிவானது. ஆறாவது வகை. அட்டை எழுதினேன். எனக்குத் தெரிந்த பெட்டிகளை நிரப்பினேன். ஓய்வுப் பெட்டிக்கு வந்தபோது கை நின்றது. எத்தனை மணி? எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த மலையில் வண்டி ஓட்டினேனா? காலியாக விட்டுவிட்டு ஓடவிட்டேன்.

'சபரிமலை நடை: ஓய்வு எழுதப்படவில்லை' என்று வந்து நின்றது. அன்றைய சார்ட்டில் ஒரு வரி கூட வரவில்லை.

கீழே டைம்கீப்பர் கூச்சல் போட்டார். "ஏளா, சார்ட்ட எங்க? முப்பது வண்டிக்கும் ஆளு நிக்குதான்!" முதலாளியே படியேறி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார்.

"இது என்ன எம்மா, பழசே தேவலன்னு ஆயிட்டு! பழசு ஏதாவது அடிச்சாவது கொடுக்கும்."

"அதான் மொதலாளி அது செஞ்ச தப்பு. இது நிக்குது. எத்தன மணின்னு சொல்லுங்க, அடிக்கிறேன்."

"ஆறு போடு."

"யாரு சொன்னா ஆறுன்னு?"

அவர் வேலப்பன் சாரைப் பார்த்தார். வேலப்பன் சார் ஜன்னலைப் பார்த்தார். அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. வேலப்பன் சார் ஜன்னலைத் திறந்தார். அதுவரை அவர் திறந்ததே இல்லை, தூசி வரும் என்பார். கீழே எட்டிப் பார்த்து, "பரமசிவம், ஒண்ணு மேல வரணும்" என்றார்.

அண்ணாச்சி வேட்டி நனைந்தபடி வந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆரியங்காவு எறக்கம் இருக்குலா" என்று ஆரம்பித்தார். கையில் ஸ்டியரிங் இருக்கிற மாதிரி இரண்டு கையும் மெல்லத் திரும்பின. "அங்கருந்து புனலூரு, அப்புறம் காடு. மூணு மணி நேரம் வளைவுதான். அங்கன பம்பையில வண்டி நிக்குத நேரத்த ஓய்வுன்னு போட்டுராதீய. சாமிமாருக வந்து கண்ணாடியத் தட்டிட்டே இருப்பாக, எப்ப எடுப்பீயன்னு. அது தூக்கமில்ல. திரும்பி வந்து வீட்டுப் பாயில படுத்தாத்தான் ஓய்வு. பத்து மணி வேணும்."

"பத்தா?" என்றார் முதலாளி. "எட்டு போடுவோம்வே. சீசன் நேரம்."

அண்ணாச்சி நெற்றித் தழும்பைத் தடவினார். அவர் முதலாளியை எதிர்த்துப் பேசி அதுவரை யாரும் பார்த்ததில்லை. "எட்டுன்னா வேற ஆளப் போடுங்க மொதலாளி. நான் வண்டியே கழுவுதேன்."

மிஷின் முனகியது. திரையில் அந்த ஒரு வரி மின்னிக்கொண்டு நின்றது. கீழேயிருந்து டைம்கீப்பர் கத்துவது கேட்டது. நான் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பத்து போடு எம்மா. இவரு பேரையும் சேத்துரு" என்றார் முதலாளி.

அடித்தேன். ஆறு நிமிஷம் கம்பைல். யாரும் டீக்குப் போகவில்லை. பிரிண்டர் இழுக்க ஆரம்பித்தது. சபரிமலை ஸ்பெஷலுக்கு நேரே பரமசிவம் என்று வந்தது. முதலாளி கிழித்தெடுத்து, பார்த்து, அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். என்னிடம் எழுதிக் கேட்டிருந்த தாளை அவர் மறுபடி கேட்கவில்லை.

அண்ணாச்சி மட்டும் போகாமல் நின்றார்.

"இருவது வருசத்துல இத எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "அந்தப் பொட்டி காலியா கெடந்ததாலதான கேட்டீய?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப அத எப்பவும் காலியாவே வச்சிரு" என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போனார்.